கல்யாண மண்டபத்தில் ஒரு கதவுக் காட்சி

சினிமாவை அலசிப் பேசுவது ஆபத்தில்லாத வேலை என்று உங்களில் யாராவது நினைத்துக்கொண்டு இதற்குள் வந்திருந்தால், இன்றைக்கே அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். நான் ஓய்வு பெற்ற பிறகுகூட இந்த வேலை என்னை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போய் ஒரு கல்யாண மண்டபத்தின் நடுவில் நிறுத்தியது.

நான் ஆரணியில் லோக்கல் கேபிள் சேனலில் ஆரம்பித்தவள். ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு பட்டுச்சேலைக் கடையின் விளம்பரத் துணிக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த வாரம் வந்த படத்தைப் பற்றிப் பேசுவேன். கதை என்ன சொல்ல வருகிறது, பாத்திரங்கள் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள், கேமரா எங்கே நிற்கிறது, இதெல்லாம்தான் பேச்சு. ஒருமுறை நேரலையில், ஒரு படத்தின் வில்லன் ஆழமில்லாமல் எழுதப்பட்டிருக்கிறான் என்று சொன்னேன். உடனே ஒரு நேயர் போனில் வந்தார்.

"மேடம், படத்துல வில்லன் வெச்சிருக்கறது ரைஸ்மில்லு. நானும் ரைஸ்மில்லுதான் வெச்சிருக்கேன். அப்ப எங்களுக்கெல்லாம் ஆழமில்லன்றீங்களா?"

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. நிஜமாகவே மனசு நொந்து போயிருந்தார். விளம்பரம் போட்டு அன்றைக்குத் தப்பித்தேன். ஆனால் நாம் படத்தைப் பற்றிப் பேசும்போது கேட்பவர்கள் தங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது அன்றைக்கு எனக்கு லேசாகப் புரிந்தது. முழுசாகப் புரிந்தது சேவூரில்தான்.

கேபிள் போய் யூடியூப் வந்து, அதிலும் சில வருஷம் பேசி, கடைசியில் போதும் என்று நிறுத்திவிட்டேன். நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் பேசிய படம் ஒன்று. பெயர் வேண்டாம். அதில் ஒரு காட்சி மட்டும் உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

மனைவிக்கு வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது. கையில் பையோடு கிளம்பி நிற்கிறாள். புருஷன் வாசல் கதவில் நிற்கிறான். ஒரு கையை நிலையில் ஊன்றியிருக்கிறான். கண் கலங்கியிருக்கிறது. "நீ இல்லாத வீட்ல எனக்கு மூச்சு முட்டும்" என்கிறான். வயலின் எழும்புகிறது. அவள் பையைக் கீழே வைக்கிறாள். தியேட்டரில் விசில் பறந்தது. ஊர் முழுக்க அந்தக் காட்சியை வைத்து ரீல்ஸ் எடுத்தார்கள். கல்யாண ஜோடிகள் எடுத்தார்கள், வளைகாப்பில் எடுத்தார்கள், ஒரு வீட்டில் மாட்டை விற்கும்போது கொட்டகை வாசலில் நின்று எடுத்தார்கள்.

நான் அந்தக் கையைப் பற்றி நிறைய நேரம் பேசியிருந்தேன். அந்தக் கை நடுங்குகிறது, அதில் பிரிவைத் தாங்காத அன்பு தெரிகிறது என்றேன். அதே கை வழியையும் மறிக்கிறது, இரண்டும் ஒரே கைதான், படத்தின் பலமே அதுதான் என்றேன். என்னைப் பொறுத்தவரை சரியாகத்தான் சொன்னேன். ஆனால் என் பேச்சின் முதல் பாதியை மட்டும் யாரோ வெட்டி ஒரு வீடியோவாகவும், வேறு யாரோ இரண்டாம் பாதியை மட்டும் வெட்டி இன்னொரு வீடியோவாகவும் பரப்பிவிட்டார்கள். இரண்டையும் பார்த்தவர்கள் யாருமில்லை போலிருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் சாயங்காலம், விளக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. பட்டு வேட்டி கட்டிய, அறுபதை நெருங்கிய ஒரு மனிதர் இறங்கினார். சட்டையில் சந்தனம், கையில் செல்போன். முன்பின் பார்த்ததில்லை.

"மேடம் நீங்கதானே? ஜல்தியா கெளம்புங்க. சேவூர் மண்டபத்துக்குப் போணும்."

"நீங்க யாருங்க?"

"ஏழுமலை. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். ரிசப்ஷன் நடந்துகினு இருக்குது. நடந்துகினு இருந்துச்சு. இப்ப நின்னுடுச்சு. நீங்க வந்து ஒரு படத்துக்கு அர்த்தம் சொல்லணும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ வாழ்த்துரை வழங்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, புடவை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றேன்.

"அதுக்கெல்லாம் நேரமில்ல மேடம். பொண்ணு பையைக் கீழ வெக்க மாட்டேன்னுது."

பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும் வழியில்தான் விஷயம் வந்தது. மறுநாள் காலை முகூர்த்தம். பெண் கீர்த்தனா, தறிக்குப் புடவை டிசைன் போடும் வேலையைக் கம்ப்யூட்டரில் செய்பவள். மாப்பிள்ளை பிரகாஷ், வேலூரில் ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீஷியன். மேடையில் இருவரும் பரிசு வாங்கிக்கொண்டு நிற்கும்போது, போட்டோகிராபர் அந்தக் கதவுக் காட்சியை ரீல்ஸாக எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். பிரகாஷுக்கு ஒரே சந்தோஷம். கோட்டு சூட்டோடு மணமகள் அறை வாசலில் போய்க் கையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டான். பெண்ணின் கையில் கொடுக்க ஒரு பை வேண்டுமே? அங்கிருந்த ரெக்சின் பை ஒன்றை யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். வயலினைப் போனில் போட்டார்கள். பிரகாஷ் வசனம் சொன்னான். கீர்த்தனா பையைக் கீழே வைக்கவில்லை.

"வெச்சிடுங்க மேடம்" என்று போட்டோகிராபர் சொல்ல, அவள் பிரகாஷைப் பார்த்து, "அவ ஏன் பையைக் கீழ வெக்கறா?" என்று கேட்டிருக்கிறாள்.

"அவன் மேல இருக்கற பாசத்துலதான்" என்று பிரகாஷ் சொல்லியிருக்கிறான்.

"அப்ப நான் வெக்கல" என்று சொல்லி, அவன் கைக்குக் கீழே குனிந்து அறைக்குள் போய், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம்.

"நீங்களே சொல்லியிருக்கீங்க, அந்தக் கை நடுங்குது, அதான் அன்புன்னு" என்றார் ஏழுமலை, வண்டியை ஓட்டிக்கொண்டே. "நான் போன்ல போட்டுக் காமிச்சேன். அவங்க பக்கத்து ஆளுங்க உடனே வேற ஒரு வீடியோ போடறாங்க. அதுலயும் நீங்கதான். வழியை மறிக்குதுன்றீங்க. இன்னாங்க மேடம் இது?"

நான் முழுப் பேச்சையும் விளக்க ஆரம்பித்தேன். எதிரே நெல் லாரி வந்தது. அவர் கவனம் அதில் போய்விட்டது.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது நான் என் வாழ்நாளில் பார்க்காத அளவுக்குத் திரைப்பட ஆய்வாளர்கள் அங்கே இருந்தார்கள். நாற்காலிகள் தானாகவே இரண்டு பக்கமாகப் பிரிந்திருந்தன. பெண் வீட்டு அத்தை ஒருவர், அந்த மனைவி ஊருக்குப் போகிறவள்போல் தலைகூடச் சீவவில்லை, அதனால் அவளைச் சீவக்கூட விடாமல் அவன் மறித்திருக்கிறான் என்று வாதாடிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பக்கத்தில் ஒரு தச்சர் இருந்தார். அவர் வாதம் வேறு. வீட்டுக் கதவு உள்பக்கமாகத்தான் திறக்கும், அப்படியிருக்க அந்த மனிதர் நிற்கிற இடத்தில் நின்றால் கதவு அவர் முதுகில் இடிக்கும், ஆகவே அது வீடே இல்லை, செட்டு, செட்டுக்காக ஒரு கல்யாணத்தை நிறுத்தலாமா என்று கேட்டார். அதற்குப் பெண் வீட்டில் ஒருவர், எங்கள் வீட்டில் வெளிப்பக்கம்தான் திறக்கும் என்று சொல்ல, இருவரும் மண்டபத்துக் கதவைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சமையல் மாஸ்டர் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, நீங்க உள்ள போவீங்க இல்ல? அந்தப் பை என்னுது. முந்திரி, திராட்சை, ஏலக்கா எல்லாம் அதுலதான் இருக்குது. பாயசம் அடுப்புல நிக்குது. கேக்கவும் பயமா இருக்குது. கேட்டா, கீழ வெக்கச் சொல்றேன்னு ஆயிடும்."

இதைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் யாரும் இல்லை. ஏனென்றால் அதற்குள் பெண்ணின் அப்பா குப்புசாமி என் முன்னால் வந்து நின்றார். மெல்லிய மனிதர். சட்டை வியர்வையில் உடம்போடு ஒட்டியிருந்தது. காலையில் தாலி கட்ட வேண்டிய இடம். ஊரே வந்து உட்கார்ந்திருக்கிறது.

"மேடம், அந்த டைரக்டர் இன்னா நெனச்சு எடுத்தாருன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிடுங்க. நீங்க சொன்னா ரெண்டு பக்கமும் கேட்டுக்கறதா பேசியாச்சு. பாசமா, மறிக்கறதா. ஒரே வார்த்த."

பாசம் என்று நான் சொன்னால் அந்தப் பெண் தலை குனிந்து மணையில் உட்கார வேண்டும். மறிப்பது என்று சொன்னால் அந்தப் பையன் கோட்டைக் கழற்றிவிட்டு ஊருக்குப் போக வேண்டும். வாழ்நாள் முழுக்க நான் பேசியதை யாராவது மதித்துக் கேட்க மாட்டார்களா என்று ஏங்கியவள் நான். முதல்முறையாக ஒரு மண்டபமே கேட்கத் தயாராக இருந்தது. ஒரு தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்துவிட்டு, முதலில் பெண்ணைப் பார்க்கிறேன் என்றேன்.

கீர்த்தனா அழவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள்.

"படத்துக்காகக் கல்யாணத்தை நிறுத்தறேன்னு வெளிய பேசிகினு இருக்காங்க இல்ல மேடம்?"

"ஆமாம்."

"எனக்குப் பெங்களூர்ல ஒரு டிசைன் கம்பெனில வேல கெடச்சிருக்குது. ஒரு வருஷம் அங்க இருக்கணும். நிச்சயம் பண்ணப்பவே அவர்கிட்ட சொன்னேன். 'பாத்துக்கலாம்'னாரு. மறுபடி கேட்டேன். அப்பவும் 'பாத்துக்கலாம்'தான். நேரா கேட்டா எல்லாரும் நல்லவங்களாதான் பேசறாங்க மேடம். படத்தப் பத்திக் கேட்டா உண்மையைச் சொல்லிடறாங்க."

நான் இத்தனை வருஷம் பேசியும் எழுதியும் இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. சமையல் மாஸ்டரின் பாயசக் கவலையை மட்டும் அவள் காதில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

பிரகாஷ் மேடைக்குப் பின்னால், பலூன் ஊதும் பம்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கெட்ட பையன் இல்லை. குழம்பிப் போயிருந்தான்.

"நான் தப்பா ஒண்ணும் சொல்லலயே மேடம். நல்ல காட்சிதானே? ஒவ்வொரு தடவயும் எனக்கு அழுகை வருது."

"யாரைப் பாத்து அழுகை வருது?"

"அவரப் பாத்துதான். வேற யாரப் பாக்கறது?"

அந்தப் பதில்தான் எனக்கு வழி காட்டியது. நான் மேடைக்குப் போனேன். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். மண்டபம் அடங்கியது. கதவை ஆராய்ந்துகொண்டிருந்த இருவரும் அதை அப்படியே பாதி திறந்த நிலையில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள்.

"நான் அர்த்தம் சொல்லப் போறதில்லைங்க" என்றேன். முணுமுணுப்பு எழுந்தது. "காட்சியை எல்லாரும் இன்னொரு தடவ பாக்கலாம். சத்தம் இல்லாம."

மேடைக்குப் பின்னால் பெரிய எல்.இ.டி. திரை இருந்தது. அதுவரை பெண்ணும் மாப்பிள்ளையும் மகாபலிபுரத்தில் ஓடுகிற வீடியோ அதில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. போட்டோகிராபர் தன் லேப்டாப்பில் படத்தைக் கண்டுபிடித்துப் போட்டார். சத்தத்தை முழுக்கக் குறைத்தார்.

ஏழுமலை எழுந்தார். "வயலின் இல்லாம போட்டா அது ஒருதலப்பட்சம் மேடம். அந்த வயலின்தான் அவன் மனசு."

"அவன் மனசு அவன் மூஞ்சில தெரியட்டுமே" என்றார் தலை சீவல் அத்தை.

காட்சி ஓடியது. அடுப்படியில் கரண்டி இடிக்கும் சத்தமும் ஃபேன் சத்தமும் மட்டும்தான். வயலின் எழும்ப வேண்டிய இடம் வந்ததும் ஏழுமலை தன்னையறியாமல் வாயால் முனக ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் தொடையில் தட்டி அடக்கினார். திரையில் ஒரு மனிதன் கதவில் நின்றான். உதடு அசைந்தது. அவன் பார்வை அவள் முகத்துக்குப் போகவில்லை, பையிலேயே இருந்தது. இசை இல்லாததால் அது எல்லாருக்கும் தெரிந்தது. காட்சி முடிந்தது.

"இன்னொரு தடவ போடுங்க" என்றான் பிரகாஷ்.

மறுபடி ஓடியது. இந்த முறை அவன் திரைக்கு மிகவும் கிட்டே போய் நின்றுகொண்டான். அவன் நிழல் மாதிரி கீழே தெரிந்தான், மேலே அந்தப் படத்து மனைவியின் பெரிய முகம்.

இதற்குள் கீர்த்தனா அறையை விட்டு வெளியே வந்திருந்தாள். பை கையிலேயே இருந்தது.

"இன்னா பாக்கறீங்க?" என்று அவனைக் கேட்டாள்.

"அவ அவனப் பாக்கவே இல்ல" என்றான் பிரகாஷ், திரும்பாமலே. "இத்தினி தடவ பாத்திருக்கேன், இது தெரியல. அவன் கைக்குக் கீழ இருக்கற சந்தப் பாத்துகினு இருக்கா."

"எதுக்கு?"

"குனிஞ்சா போயிடலாமான்னு பாக்கறா." அப்போதுதான் அவன் திரும்பினான். "சித்த முன்ன நீ போன மாதிரி."

மண்டபத்தில் ஒருவர் இருமினார்.

"பெங்களூரு?" என்றாள் கீர்த்தனா.

சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் மைக் வேறு அணையாமல் இருந்தது.

"பயமா இருக்குது" என்றான். "அங்க போயி உனக்கு அதான் புடிச்சுப் போயிட்டா நான் இன்னா பண்றதுன்னு. அதான் பாத்துக்கலாம் பாத்துக்கலாம்னு சொல்லிகினு இருந்தேன். ஆனா நான் கதவுல நிக்க மாட்டேன். நீ போயிட்டு வா."

அவன் அப்பா எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஏழுமலை அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். எந்தக் கட்சிக்காக அந்த மனிதர் என்னைத் தேடி வந்தாரோ, அந்தக் கட்சியை எப்போது விட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கீர்த்தனா அவன் கிட்டே வந்தாள். பிறகு பையை நீட்டினாள்.

"இதக் கொண்டு போயி மாஸ்டர்கிட்ட குடுங்க. பாவம், பாயசம் நிக்குதாம்."

கோட்டும் சூட்டுமாக மாப்பிள்ளை முந்திரிப் பையோடு சமையல்கட்டுக்கு ஓடியதைத்தான் போட்டோகிராபர் கடைசியில் படம் எடுத்தார். காலையில் சொன்ன நேரத்துக்குத் தாலி ஏறியது. நானும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். படத்துக்கு என்ன அர்த்தம் என்று யாராவது உங்களை நெருக்கிப் பிடித்துக் கேட்டால், பதில் சொல்லும் ஆசையை அடக்குங்கள். அவர்களை இன்னொரு தடவை பார்க்க வையுங்கள். இசை மறைத்ததை, நட்சத்திரம் மறைத்ததைக் கொஞ்சம் விலக்கிக் காட்டுங்கள். அதற்குமேல் நம் வேலை இல்லை. சேவூரில் நான் அர்த்தம் சொல்லியிருந்தால், அந்தப் பையன் என் வார்த்தையைத்தான் கேட்டிருப்பான். அவள் கண்ணைப் பார்த்திருக்க மாட்டான்.

இதோடு முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களிடம் மீதியையும் மறைக்கக் கூடாது.

சில மாதம் கழித்துச் சென்னையில் ஒரு விழாவில் அந்தப் படத்தின் டைரக்டரைப் பார்த்தேன். காப்பி குடித்துக்கொண்டிருந்தார். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. கதவுக் காட்சியில் அந்தப் பெண்ணின் பார்வையை அவன் கைக்குக் கீழே வைத்தீர்களே, அது எப்படித் தோன்றியது என்றேன்.

அவர் யோசித்தார். பிறகு முகம் மாறியது.

"அதுவா? அன்னிக்கு லொகேஷன்ல அப்பதான் பிரியாணி வந்து எறங்குச்சு மேடம். அந்தப் பொண்ணு காலைலேர்ந்து சாப்பிடல. அதத்தான் பாத்துகினு இருக்கா. இன்னொரு டேக் கேட்டேன், வெளிச்சம் போயிடுச்சு. எடிட்டிங்ல பாத்து நொந்துட்டேன். வயலினை ஏத்தி மறைச்சிட்டோம். யாருமே கண்டுபுடிக்கல. நீங்க எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

நான் கண்டுபிடிக்கவில்லை, வேலூர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு பையன் கண்டுபிடித்தான் என்றேன். சினிமா படிச்சவரா என்று கேட்டார். இல்லை, கல்யாணம் பண்ணிக்கொள்ள வந்தவர் என்றேன். அதற்குமேல் அவரிடம் விளக்கவில்லை.

ஆரணிக்குத் திரும்பும் பஸ்ஸில் வழி நெடுக இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். போய் அந்தப் பையனிடம் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது பிரகாஷ் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை. பெங்களூர் பஸ்ஸில் கீர்த்தனா வருகிறாள், வண்டி கொஞ்சம் லேட்டு என்றான். என்னைப் பார்த்ததில் அவனுக்குச் சந்தோஷம்.

"மேடம், அந்தக் காட்சிய நேத்துகூடப் பாத்தேன். அவ கண்ணுல எவ்ளோ வலி இருக்குது, கவனிச்சிருக்கீங்களா?"

"இருக்குதுப்பா" என்றேன். "நல்லாவே இருக்குது."